ஹெல்மெட் சார் வண்டிக்கு அடியில் படுத்த நாள்

எங்கள் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதிரில் வந்தால் "சார்". முதுகைக் காட்டினால் "ஹெல்மெட்". வெளியாட்கள் முன்னால் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டியிருந்தால் "ஹெல்மெட் சார்". பாதுகாப்பு அதிகாரி வேலை. உலைக்கூடத்தில் தலைக்கவசம் இல்லாமல் ஒருவன் நுழைந்தால், அவர் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவருடைய மஞ்சள் கவசம் தலையில்தான் இருக்கும்.

"இங்க தலையில என்ன சார் விழப் போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"விழுந்தாத்தான் தெரியும்," என்றார்.

பதினான்கு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தவள் நான். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது எப்படி என்று மட்டும் பதினோரு சுற்றறிக்கை அடித்திருக்கிறேன். பன்னிரண்டாவது, ஏறுவது எப்படி என்று.

அவர் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த புதிதில், மேலாளர் மேற்பார்வையாளர்களை எல்லாம் கூப்பிட்டு, யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் குடும்பச் சூழ்நிலை, ஒருவருக்கு உலையை விட்டுப் பிரிய மனமில்லை. அன்றைக்குக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த ஒரே ஆளுக்குக் காரணம் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. நான்காம் நாள் அவர் வந்தபோது மேஜை மேல் மஞ்சள் கவசம் காத்துக்கொண்டிருந்தது.

முதல் ஆறு மாதம் தண்டனை போலத்தான் செய்தார். பிறகு ஒரு மத்தியானம், பேக்கிங் பகுதிச் சுவரில் தான் ஒட்டிய அறிவிப்பை எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவரே நின்று படித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் படிக்கவில்லை என்பதால் பிழையைச் சொல்லவும் ஆளில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண்ணின் கழுத்து ஸ்கார்ஃப் கன்வேயர் உருளையில் சிக்கியது. சிவப்புப் பொத்தான் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமுக்கினார். ஸ்கார்ஃப் கிழிந்தது, கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கழுத்து என்னுடையது. தட்டச்சுக்கு மாறுவதற்கு முன் நான் பேக்கிங்கில்தான் இருந்தேன். அதனால் இங்கே நான் அவரைக் கிண்டல் செய்தால், அதற்கான உரிமை எனக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொல்வார். அந்த அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். குள்ளமான, படபடவென்று பேசுகிற பெண்மணி. சமையலறைக் கத்திகளுக்குக் கணவர் உறை தைத்துக் கொடுத்த கதையை, பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்து பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பாராம்.

கார் வாங்கும்போதும் சார் பாதுகாப்பைத்தான் பார்த்தார். கனமான வண்டியில் இருப்பவன் பிழைப்பான் என்று எங்கோ படித்திருந்தார். மலைக்காடுகளில் அளவெடுக்கப் போகிற ஒரு சர்வேயர் விற்ற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. பாறை மேல் ஏறுவதற்காக அந்தச் சர்வேயர் இடுப்பளவு டயர் மாட்டியிருந்தார்.

"மலை ஏற வேண்டிய வண்டிங்கிறீங்க, வண்டியில ஏறவே எனக்கு ஏணி வேணும் போல இருக்கே," என்றார் மனைவி.

ஆறு வருடத்தில் அந்த வண்டி ஏறிய மிகப் பெரிய மேடு எங்கள் தொழிற்சாலை வாசலில் இருக்கும் வேகத்தடைதான். லாரிக்காரர்கள் வேகமாக வருகிறார்கள் என்று ஹெல்மெட் சாரே சொல்லி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உயரத்தில் போடச் செய்தது அது. அதன் மேல் தினமும் இரண்டு முறை தடால் தடாலென்று ஏறி இறங்கியதில், காட்டிலும் பாறையிலும் கெடாத வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் கெட்டுப்போயிற்று.

டிரைவ் ஷாஃப்ட் என்பது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய். இரண்டு முனையிலும் நம் முழங்கையைப் போல மடங்குகிற ஒரு மூட்டு உண்டு. அந்த மூட்டுகள் தேய்ந்துவிட்டன. கியர் மாற்றினால் அடியிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டினால் வண்டி முழுக்க நடுக்கம்.

"உட்கார்ந்தா பல்லெல்லாம் ஆடுதுங்க," என்றார் மனைவி. "எங்க டாக்டருக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறீங்களா?"

பட்டறையில் விட்டால் ஒரு மணி நேர வேலை. அதுவும் மனைவியின் தம்பியே இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்தார். ஆனால் அங்கே விட முடியாது. நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பட்டறைக்குப் புதுக் கொட்டகை போட்டபோது, மச்சினன் ஆசையாக இவரைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார். இவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துவிட்டார். மறுநாள் தபாலில் ஓர் அறிக்கை போயிற்று. மொத்தம் இருபத்து மூன்று குறைகள். ஒன்பதாவது குறை, சக்கரத்துக்கு அடியில் முறையான தடுப்புக்கட்டை வைக்காமல் அரைச் செங்கல் வைப்பது. பதினான்காவது, பட்டறை முதலாளியே ரப்பர் செருப்போடு நடமாடுவது. அதையும் நான்தான் அடித்தேன். மச்சினன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாராம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் அந்த அம்மா.

ஊரில் இருந்த மற்றப் பட்டறைகளையும் சார் போய்ப் பார்த்தார். ஒன்றில் தரையில் எண்ணெய். ஒன்றில் தீயணைப்பான் மேல் துண்டு காயப் போட்டிருந்தார்கள். ஒன்றில் பாட்டு சத்தமாக இருந்தது. கடைசியில், முழுப் பாதுகாப்போடு இந்த வேலையைச் செய்யக்கூடிய இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தார். அது அவருடைய சொந்த வீட்டு முற்றம்.

உதிரிபாகக் கடையில் புது ஷாஃப்ட் வாங்கினார். பிறகு சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வந்து கொஞ்சம் தயங்கி நின்றார்.

"ஏம்மா, சொந்த விஷயம். ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?"

'வீட்டில் டிரைவ் ஷாஃப்ட் மாற்றுதல்: இடர் மதிப்பீடு' என்று தலைப்பு. பதினாறு பக்கம். முப்பத்தொரு ஆபத்துகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் தடுப்பு முறை எழுதியிருந்தார். ஏழாவது, தரையில் கிடக்கும் பொருள்களில் கால் தடுக்கி விழுதல். பயன்படுத்தாத பொருளை உடனுக்குடன் பெட்டியில் வைக்கவும். பன்னிரண்டாவது, அவசர வழி அடைபட்டிருத்தல். வாசல் கேட்டை முழுவதும் திறந்து வைக்கவும். பத்தொன்பதாவது, மனைவி திடீரென்று பேச்சுக் கொடுத்தல். இருபத்தாறாவது, மேலே பறக்கும் பறவைகள்.

"வண்டிக்கு அடியில படுத்திருக்கும்போது பறவை எப்படி சார்?" என்றேன்.

"வெளிய வரும்போது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நாலு, சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா, ஒரு மூலையில் தீயணைப்பான், இன்னொரு மூலையில் முதலுதவிப் பெட்டி. வண்டியின் மூக்கு வீட்டைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து. மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடட்டும் என்று கொத்தனார் முற்றத்தைத் தெருப்பக்கமாகக் கொஞ்சம் சரித்துக் கட்டியிருந்தார். சார் அதையும் யோசிக்காமல் இல்லை. கை பிரேக்கை இழுத்து, கியரையும் போட்டு, போதாததற்குப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் புத்தம்புது மஞ்சள் தடுப்புக்கட்டைகள் இரண்டை வைத்தார். மனைவியிடம் 'பார்வையாளர்' என்று போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"நான் எதைப் பார்க்கணும்?"

"அசம்பாவிதம் ஏதாவது நடக்குதான்னு."

"அடுப்புல வேலை இருக்கு. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிறேன், போங்க."

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முழங்கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, விரித்த அட்டைப்பெட்டி மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். வண்டி அவ்வளவு உயரம் என்பதால் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் வீட்டுப் பக்கம், தலை தெருப் பக்கம். பின் அச்சோடு ஷாஃப்ட்டை இணைக்கிற நான்கு போல்ட்டுகள் முகத்துக்கு நேரே இருந்தன. ஷாஃப்ட் கழன்று முகத்தில் விழுந்துவிடக் கூடாது என்று அதை வண்டியின் அடிச்சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டினார். துருவுக்கு எண்ணெய் அடித்து, ஊற விட்டு, மூச்சைப் பிடித்து ஸ்பேனரைத் திருகினார். மூன்று போல்ட் வந்துவிட்டன. கையைக் கீறிக்கொள்ளாமல் வந்தன என்பதில் அவருக்கு நியாயமான பெருமை.

நான்காவது மேல்பக்கத்தில் இருந்தது. ஸ்பேனர் நுழையவில்லை. ஷாஃப்ட்டை அரைச் சுற்றுச் சுற்றினால் அது கீழே வந்துவிடும். அதற்கு வண்டியை ஓர் அடி உருட்டினால் போதும்.

வெளியே வந்தார். தடுப்புக்கட்டைகளை எடுத்தார். வண்டியில் ஏறி, கை பிரேக்கைத் தளர்த்தி, காலால் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, சரியாக ஓர் அடி பின்னால் உருட்டி நிறுத்தினார். மறுபடி கை பிரேக், மறுபடி கியர். இறங்கி வந்தால் தடுப்புக்கட்டைகள் இரண்டும் தரையில் கிடந்தன. அவருக்குச் சட்டென்று ஏழாவது ஆபத்து நினைவுக்கு வந்தது. யாராவது தடுக்கி விழுந்தால்? இரண்டையும் எடுத்துத் துடைத்து, 'தடுப்புக்கட்டைகள்' என்று எழுதி ஒட்டிய பெட்டிக்குள் வைத்து மூடினார். நிம்மதியாக மறுபடி அடியில் போய்ப் படுத்தார்.

அந்தக் கால ஜீப்பில் ஒரு விஷயம் உண்டு. அதன் கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பெட்டிக்குப் பின்னால் அந்த ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். கியரும் அப்படியே, சக்கரத்தை அது நிறுத்தி வைப்பது ஷாஃப்ட்டின் வழியாகத்தான். ஷாஃப்ட் கழன்றுவிட்டால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உறவே கிடையாது. எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த இந்தச் சங்கதி முப்பத்தொரு ஆபத்துகளில் இல்லை.

நான்காவது போல்ட் சுலபமாக வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த மூட்டைச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்து நடந்ததை அவரே பிறகு படிவத்தில் எழுதியிருக்கிறார். நான் அடித்ததுதான், அப்படியே தருகிறேன்: "ஷாஃப்ட் பிரிந்தது. வண்டி சிறிது நேரம் யோசித்தது. பிறகு எனக்கு வானம் தெரியத் தொடங்கியது."

பின் அச்சு தலைக்கு மேலிருந்து விலகிப் போயிற்று. கியர்பெட்டி மார்புக்கு மேல் போயிற்று, எஞ்சின் போயிற்று. கடைசியில் முன் அச்சு, அவருடைய தொப்பைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில், கண்ணாடி மேல் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுவிட்டு நிதானமாகக் கடந்து போயிற்று. சர்வேயர் மாட்டிய இடுப்பளவு டயர்கள் ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒரு மேட்டைப் பத்திரமாகத் தாண்டின. அந்த மேடு சார்தான்.

வண்டி நாடாவை அறுத்தது, இரண்டு கூம்புகளைச் சாய்த்தது. ஆபத்துக் காலத்தில் வெளியேறுவதற்காகத் திறந்து வைத்திருந்த அவசர வழியாக வெளியேறியது. நல்ல வேளை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்ப்பக்கம் தெரு கொஞ்சம் மேடு. வேகம் குறைந்து, எதிர்வீட்டு வேலிச்செடியில் முதுகைச் சாய்த்து நின்றது. அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், உங்க வண்டி வந்திருக்கு," என்று முற்றம் வரை கேட்கும்படி சொன்னார்.

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது முற்றத்தில் வண்டியைக் காணோம். வெட்ட வெளியில், அட்டையின் மேல், ஹெல்மெட்டோடு கணவர் மல்லாந்து படுத்திருந்தார். கையில் சுத்தியல்.

"ஏங்க... வண்டி எங்கே?"

"போயிடுச்சு."

அந்த அம்மா ஓடி வந்து கை, கால், விலா எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அப்புறம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"பதினாறு பக்கம் எழுதுனீங்களே. வண்டி ஓடிப் போகும்னு அதுல ஒரு வரி இல்லையா?"

அவர் நேர்மையான மனிதர். படுத்தபடியே பதினாறு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினார்.

"இல்ல," என்றார்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டார். இரண்டு தெரு என்பதால் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார், ரப்பர் செருப்போடு. விழுந்து கிடந்த கூம்புகளைப் பார்த்தார், தெருவின் அந்தப் பக்கம் நின்ற வண்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம் இவருக்கு. மச்சினன் பேசாமல் போய்ப் பூச்செடிப் பாத்தியின் ஓரத்திலிருந்து அரைச் செங்கல் ஒன்றைப் பிடுங்கி, எதிர்ப்பக்கம் போய், சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ளினார். சார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"மாமா, சாவி."

நான்கு வருடத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை. ஷாஃப்ட்டின் தொங்குகிற முனையை மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, வண்டிக்குள் ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டை லீவரை முன்னால் தள்ளினார். முன்சக்கரங்கள் இழுக்க, வண்டி சாதுவாகத் தெருவைத் தாண்டி முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

"இந்த லீவரை நீங்க ஒரு தடவைகூடத் தொட்டதில்லையா?"

"அவசியம் வரல, மாப்ள."

"இதுக்காகத்தான் இந்த வண்டியே, மாமா."

இருவருமாக அடியில் படுத்தார்கள். இப்போது நான்கு சக்கரத்துக்கும் தடுப்பு: இரண்டுக்கு மஞ்சள் கட்டை, இரண்டுக்குச் செங்கல். பழைய ஷாஃப்ட்டின் இன்னொரு முனையையும் கழற்றி வெளியே இழுத்துப் போட்டார்கள். மூட்டைக் கையில் பிடித்து ஆட்டினால் கலகலத்தது. மச்சினன் புது ஷாஃப்ட்டை மார்பில் தாங்கிக்கொள்ள, மாமா போல்ட்டுகளைக் கையால் பூட்டினார். இரண்டு முனை மூட்டுகளும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் மறுபடி நடுக்கம்தான் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்த மச்சினன், திடீரென்று கேட்டார்.

"கட்டையை ஏன் எடுத்தீங்க?"

"யாராவது தடுக்கி விழுந்திடுவாங்கன்னு."

மச்சினன் தலையைத் திருப்பிப் பார்த்தார். "யாரு மாமா? இங்க நீங்க மட்டும்தானே இருந்தீங்க. நீங்களும் படுத்துக்கிட்டு இருந்தீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மச்சினன் மேலே பார்த்தபடியே சொன்னார்: "எனக்கும் இதேதான் ஆச்சு. பட்டறை ஆரம்பிச்ச மூணாவது வருஷம். ஷாஃப்ட்டைக் கழட்டினேன், வண்டி உருண்டு என் கூட்டாளி கால் மேல ஏறிடுச்சு. நாலு மாசம் கட்டுல கிடந்தான். அக்காவுக்குத் தெரியாது. அதுலேர்ந்துதான் எந்த வண்டி உள்ள வந்தாலும் முதல்ல செங்கல்."

சார் ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அதைத் தப்புன்னு எழுதுனீங்க. ஒன்பதாவது. எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருக்கணும்," என்றார் சார்.

அவ்வளவுதான். சமாதானம் என்று தனியாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கிரீஸ் அடித்து முடித்து மூன்று பேரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். டொக் சத்தம் போய்விட்டது, நடுக்கமும் இல்லை. வண்டி அவ்வளவு அமைதியானதில், பின்சீட்டிலிருந்து சார் மச்சினனுக்குச் சொன்ன வண்டி ஓட்டும் யோசனைகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன என்று மனைவி அலுத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. திங்கட்கிழமை காலை சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

எங்கள் தொழிற்சாலையில் 'மயிரிழையில் தப்பிய நிகழ்வுப் படிவம்' என்று ஒன்று உண்டு. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்கிற சம்பவத்தை ஊழியர்கள் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வீட்டில் நடந்தாலும் எழுத வேண்டும் என்று விதி. விதி போட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்தவை: மென்று துப்பிய சூயிங்கம் ஒன்று, கேன்டீன் டீயைப் பற்றிய புகார் ஒன்று, பெட்டி மாறிப் போட்ட காதல் கடிதம் ஒன்று. தொழிலாளிகளுக்குப் படிவத்தின் பெயரின் முதல் மூன்றெழுத்தைச் சொல்லிச் சிரிக்க மட்டும்தான் அது பயன்பட்டது. பெட்டி காலியாக இருந்ததாலேயே, நிகழ்வே இல்லாத தொழிற்சாலை என்று தலைமை அலுவலகம் நான்கு வருடம் தொடர்ந்து எங்களுக்குக் கேடயம் கொடுத்திருந்தது.

"சார், இதை எழுதணுமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"விதி இருக்கே," என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எட்டாவது கேள்வி: 'இந்த ஊழியருக்கு முன்பே பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டதா? அளித்தவர் யார்?'

விரல்களை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"போடும்மா. 'ஆம். நானே.'"

கடைசியில் பாதுகாப்பு அதிகாரியின் கருத்து. அதுவும் அவர்தானே. சின்னச் சின்னக் காயங்களுக்கு வருகிற விபத்துப் படிவங்களில் எல்லாம் அந்தக் கட்டத்தில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதுவார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "கவனத்துக்குக் குறைவில்லை. கவனித்த இடம் தவறு," என்றார்.

படிவத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதுவும் விதிதான். பலகையைத் திரும்பியே பார்க்காத தொழிற்சாலை அன்று அதன் முன்னால் முண்டியடித்தது. 'வானம் தெரியத் தொடங்கியது' என்ற வரியை உலைக்கூடம் முழுக்க மனப்பாடம் செய்துவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் ஒருவன் அட்டை மேல் ஹெல்மெட்டோடு படுத்துக்கொள்ள, இன்னொருவன் சரக்கு வண்டியை அவன் மேல் ஓட்டுவது போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சார் அந்த வழியாக வந்தார். எல்லோரும் வெலவெலத்துப் போனார்கள். அவர் நின்று பார்த்துவிட்டு, "கால் இந்தப் பக்கம் வரணும். தலை அந்தப் பக்கம்," என்று திருத்திவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பெட்டியில் நிஜமாகவே ஒரு படிவம் கிடந்தது. சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டுபவர் எழுதியது: பின்னால் வரும்போது அலறுகிற ஹாரன் ஒரு வருடமாக வேலை செய்யவில்லை, போன மாதம் ஒருவரை இடிக்கப் பார்த்தேன். மறுநாள் இரண்டு. உலைக்கூட ஏணியில் மூன்றாவது படி ஆடுகிறது. பேக்கிங்கில் கன்வேயர் மூடியைத் துணியால் கட்டி வைத்திருக்கிறோம். மாத முடிவில் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு சார் எழுதியவரைத் தேடிப் போய், இது ஏன் இப்படி என்று கேட்டு உட்கார்ந்தார். லாரி ஓட்டுநர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ஒன்றை மட்டும் படித்துவிட்டு யாரிடமும் கேட்கப் போகவில்லை. மறுநாள் அளவு நாடாவோடு வாசலில் நின்று, வேகத்தடையைப் பாதிக்கு மேல் கொத்தி எடுக்கச் செய்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு வருடம் பாதுகாப்பாக இருந்த தொழிற்சாலை ஒரே மாதத்தில் இவ்வளவு ஆபத்தானதாக மாறியது எப்படி என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கேடயம் அந்த வருடம் வேறு கிளைக்குப் போயிற்று. அங்கே பெட்டி காலி. எங்கள் மேலாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சாரிடம் இன்னொரு கடிதத்தைக் கொடுத்தார். 'பாதுகாப்பு விழிப்புணர்வின் அடிப்படைகள்' என்ற இரண்டு நாள் வகுப்பில் அவர் கலந்துகொள்ள வேண்டும். அதை நடத்துமளவுக்குச் சுற்றறிக்கை எழுதியவர், துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாகப் போனார்.

வகுப்புக்கு எல்லாக் கிளை அதிகாரிகளும் வந்திருந்தார்கள். முதல் நாள், உங்கள் கிளையில் எத்தனை படிவம் என்று பயிற்சியாளர் வரிசையாகக் கேட்டாராம். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். இவர் எழுந்து நாற்பத்து மூன்று என்றதும், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்களாம்.

மத்தியானம் கை கழுவுகிற இடத்தில், கேடயம் வாங்கிய கிளையின் அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், எங்ககிட்ட போன வாரம் ஒருத்தருக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. அந்த மிஷின் ஆறு மாசமா தகராறாம், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெட்டியில ஒரு துண்டுக் காகிதம் இல்ல. நீங்க என்ன பண்ணி அவங்களை எழுத வெச்சீங்க?"

சார் கையைத் துடைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். வண்டிக்கு அடியில போய்ப் படுத்தேன்."

அந்த அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அதை எழுதிக்கொண்டாராம்.